நாறும் முதுகுப்பையும் விளையாட்டுச் சாமான்களும்: சேலத்தில் துவைக்கவும் ஏற்காட்டில் காயவைக்கவும் முழு வழிகாட்டி

துவைத்துக் காயவைத்த பை அலமாரியில் இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நடந்து முதுகு வியர்த்ததும் பழைய வாடை அப்படியே எழுந்து வரும். உடனே சோப்பை மாற்றுவோம், இன்னும் ஒரு மூடி ஊற்றுவோம். சோப்பு பெரும்பாலும் குற்றவாளி அல்ல. சேலத்தில் குற்றவாளி தண்ணீர். மலைமேல் ஏற்காட்டில், காயாத ஈரம். இந்த இரண்டையும் சரி செய்துவிட்டால் கடையில் விற்கும் வாசனை ஸ்ப்ரே எதுவும் தேவைப்படாது.

புதிதாக வந்த வியர்வைக்குக் கிட்டத்தட்ட வாடையே கிடையாது. அதிலுள்ள சத்துகளையும் தோலின் எண்ணெயையும் பாக்டீரியாக்கள் தின்று வெளியிடும் அமிலங்கள்தான் நாறுகின்றன. காலுறையின் புளித்த வாடைக்கு முக்கியக் காரணம் ஐசோவலெரிக் அமிலம். பருத்தி தண்ணீரை உறிஞ்சும், துவைத்தால் விட்டுவிடும். பாலியஸ்டர் தண்ணீரை விலக்கும், ஆனால் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜெர்சியும் முதுகுப்பையும் பருத்திச் சட்டையைவிட மோசமாக நாறுவது இதனால்தான். ஸ்ப்ரே அடித்தால் மல்லிகையும் வியர்வையும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை கிடைக்கும், அவ்வளவுதான்.

முதலில் முகர்ந்து பாருங்கள்

என்ன வாடை என்று தெரியாமல் பக்கெட்டில் போடாதீர்கள். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

புளித்த தயிர் போல இருந்தால் வியர்வை அமிலம். இதற்குச் சமையல் சோடா (ஆப்ப சோடா). அமிலத்தோடு சேர்ந்து அதை ஆவியாகாத, தண்ணீரில் கரையும் உப்பாக மாற்றிவிடும்.

மூத்திர நெடி போல மூக்கைக் குத்தினால், வியர்வையிலுள்ள யூரியா சிதைந்து அமோனியா ஆகியிருக்கிறது. ஹெல்மெட், முழங்கால் உறை, பல நாள் மூடிக்கிடந்த கிட் பேக் இவற்றில் வரும். இதற்கு வினிகர்.

நனைந்த மண், பழைய புத்தகம் போல இருந்து, கருப்பாகவோ சாம்பல் நிறத்திலோ புள்ளிகள் தெரிந்தால் பூசணம். வினிகர்தான், ஆனால் முறை வேறு. கீழே சொல்கிறோம்.

பையின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உரிந்து, வாந்தி போன்ற நெடி வந்தால் அது அழுக்கே அல்ல. துணியின் உள்பக்கம் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசியிருக்கும் பாலியூரித்தேன் சிதைகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இதற்கு என்ன செய்யலாம் என்பது கடைசியில்.

இன்னொன்று சாப்பாடு கொட்டியது. தட்டுவடை செட் பொட்டலத்தில் கசிந்த சட்னியோ, பாட்டிலில் இருந்து வழிந்த மோரோ என்றால், முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் பால் புரதம் துணியிலேயே கட்டிக்கொள்ளும். பிறகு என்சைம் உள்ள திரவ டிடர்ஜென்ட்டை நேராகத் தடவி அரை மணி நேரம் விடுங்கள்.

எந்தத் தண்ணீரில் துவைப்பது

சேலத்தில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர்: குழாயில் முறை வைத்து வரும் மேட்டூர் தண்ணீர், போரில் வரும் உப்புத் தண்ணீர். ஊருக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவே மேக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளைக் கரடுகள் இருக்கும் மண் இது. பல இடங்களில் போர் தண்ணீரில் கால்சியமும் மேக்னீசியமும் தாராளம். குழாய் முனையில் படியும் வெள்ளைப் பொருக்கே சாட்சி.

சந்தேகமிருந்தால் சோதனை எளிது. அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் நிரப்பி, குளியல் சோப்பில் கடலை அளவு சீவிப் போட்டு இருபது முறை குலுக்குங்கள். நுரை நின்றால் மென்தண்ணீர். நுரை அடங்கி, தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் கடினத் தண்ணீர்.

கடினத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டால் கரையாத பிசுக்கு உண்டாகி, பையின் மெத்தைக்குள் இருக்கும் ஃபோமில் தங்கிவிடும். சோப்புத்தூள் போட்டால், அதிலுள்ள சலவைச் சோடா கால்சியத்தோடு சேர்ந்து கருப்புப் பையில் விபூதி பூசியதுபோல வெள்ளை மாவாக நிற்கும். நுரை வரவில்லையே என்று இன்னும் கொட்டுவோம். மிச்சம் தங்கிய சோப்பில் அழுக்கு ஒட்டும், அழுக்கில் பாக்டீரியா வளரும்.

ஆகவே பைக்கு எப்போதும் திரவ டிடர்ஜென்ட். துவைப்பது உப்புத் தண்ணீரில் நடக்கட்டும், பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் மேட்டூர் தண்ணீரையோ மாடியில் பிடித்த மழைத் தண்ணீரையோ எடுத்து வையுங்கள். அதுவும் இல்லாவிட்டால் கடைசி பக்கெட்டில் 10 லிட்டருக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். படிந்த உப்பையும் சோப்பையும் கரைத்துவிடும், காய்ந்தபின் வினிகர் வாடை இருக்காது.

டிடர்ஜென்ட் பிடிக்காதவர்களுக்குப் பூந்திக்கொட்டை நல்ல மாற்று. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளியைத் தேய்த்துக் கழுவும் அதே கொட்டைதான். பத்துப் பன்னிரண்டு கொட்டையை உடைத்து விதை நீக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டுங்கள். உப்புத் தண்ணீரிலும் பிசுக்குக் கட்டாது. வெளிர் நிறப் பைக்கு மட்டும் வேண்டாம், லேசாகப் பழுப்பேறும்.

முதுகுப்பை: படிப்படியாக

இந்த அளவுகள் 30 முதல் 50 லிட்டர் பைக்கு. பள்ளிப் பைக்குப் பாதி போதும்.

1. வெளியே எடுத்துப்போய் எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாக உதறுங்கள். செம்மண் ஒட்டியிருந்தால் ஈரத்தோடு தேய்க்கவே கூடாது. செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடு, மாவு போல நுண்ணியது. ஈரத்தில் தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். முழுக்கக் காயவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மூலைத் தையல்களில் பிஸ்கட் தூள், மணல் எல்லாம் சேர்ந்திருக்கும். அங்கே வேக்குவம் கிளீனர் இருந்தால் வசதி.

2. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள்: இடுப்புப் பட்டை, முதுகுத் தகடு, அலுமினியக் கம்பி, மழை உறை. கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த கம்பியை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்பது பிறகு கட்டாயம் மறந்துபோகும்.

3. தோள்பட்டை, முதுகு மெத்தை, மேல் கைப்பிடி. நாற்றத்தின் பெரும்பகுதி இந்த மூன்று இடத்தில்தான். கழுத்தருகே தேங்காய் எண்ணெய்ச் சிக்கு இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு நனைந்த பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, 15 நிமிடம் விடுங்கள். இதைச் செய்யாமல் ஊறவைத்தால் எண்ணெய் அப்படியே இருக்கும்.

4. பெரிய அன்னக்கூடையில் 15 லிட்டர் தண்ணீர். சூடு குழந்தையைக் குளிப்பாட்டும் பதம், 35 டிகிரி அளவு, அதற்குமேல் வேண்டாம். உள்பூச்சு கெடும். புளித்த வாடை என்றால் சமையல் சோடா 150 கிராம், அமோனியா நெடி என்றால் வினிகர் 750 மில்லி. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். பையை அழுத்தி மூழ்கவைத்து, மேலே தண்ணீர் நிரப்பிய குடம் ஒன்றை வையுங்கள். ஒரு மணி நேரம் போதும். இரவு முழுக்க ஊறினால் கரைந்த அழுக்கு திரும்ப ஏறும், சாயம் விடும், ஃபோமை ஒட்டிய பசையும் விட்டுப்போகலாம்.

5. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக 15 லிட்டர், திரவ டிடர்ஜென்ட் 2 டேபிள்ஸ்பூன். தோள்பட்டையையும் முதுகு மெத்தையையும் தண்ணீருக்கு அடியிலேயே பிடித்து, ஸ்பாஞ்சை அமுக்குவதுபோல முப்பது தடவை அமுக்கி விடுங்கள். பழுப்புத் தண்ணீர் வெளியே வருவது தெரியும். முறுக்கிப் பிழியக் கூடாது, ஃபோம் கிழியும். துணி துவைக்கும் கல்லில் அடிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

6. அலசல் குறைந்தது மூன்று பக்கெட். எப்போது போதும் என்பதற்கு ஒரே அடையாளம்: தோள்பட்டையை அமுக்கினால் வெறும் தண்ணீர் வர வேண்டும், நுரை வரக் கூடாது. பலரும் தவறவிடும் இடம் இது. துணி சுத்தமாகத் தெரியும், ஃபோமுக்குள் சோப்பு இருக்கும்.

7. கடைசி அலசல் நல்ல தண்ணீரில். முன் சொன்ன வினிகர் கலந்த பக்கெட் என்றால், அதில் முக்கி எடுத்தபின் ஜிப் ரன்னர்களை மட்டும் ஒருமுறை வெறும் தண்ணீரில் கழுவுங்கள், உலோகம் அரிக்காமல் இருக்கும்.

வாஷிங் மெஷினில் போடலாமா? கூடாது. பக்கிள் உடைவதும் பட்டை சிக்குவதும் சின்னச் சேதம். தண்ணீர் இறங்காத துணி ஸ்பின்னில் பலூன் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, வேகம் எடுக்கும்போது டிரம்மையே ஒருபக்கம் இழுக்கும். மழை உறையும் மழைக்கோட்டும் இதே காரணத்தால் ஆபத்து. துணிக்கு மென்மை தரும் கண்டிஷனரும் வேண்டாம். அது நூல்மேல் ஒரு மெழுகுப் படலம் பூசி, பாக்டீரியாவுக்குச் சோறும் போட்டுவிடும்.

காயவைப்பது

ஜிப், பாக்கெட் எல்லாம் திறந்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தோள்பட்டையில் மாட்டித் தொங்கவிட்டால் தண்ணீரெல்லாம் அடித்தையலில் தேங்கும்.

சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் சீக்கிரம் காயும்தான். ஆனால் நைலானை வெயிலின் புற ஊதாக் கதிர் தின்னும், நிறமும் வெளுக்கும். காலை வெயில் ஒரு மணி நேரம் காட்டிவிட்டு, பிறகு காற்றோட்டமான நிழல். ஏப்ரல், மே மாதங்களில் துணி ஐந்தாறு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஃபோம் காய ஒன்று, ஒன்றரை நாள் ஆகும். துணியைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய வேட்டித் துணியை மடித்துத் தோள்பட்டைமேல் வைத்து முழங்கையால் அழுத்துங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்துவிட்டது என்று தோன்றியபின் ஜிப்பை மூடி ஒரு மணி நேரம் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மூக்குக்குத் தெரியும்.

ஏற்காட்டில் கதை வேறு. 1,500 மீட்டர் உயரம், இரண்டு பருவமழையும் உண்டு, மூடுபனி வாசலுக்கே வரும். மழைக்காலத்தில் கொடியில் தொங்கும் பை நாலு நாளானாலும் காயாது, அதற்குள் ஃபோமில் பூசணம் தொடங்கிவிடும். அங்கே இருப்பவர்களுக்கு: அலசியதும் பையைப் பழைய பருத்தித் துண்டில் சுருட்டி மேலே ஏறி நின்று மிதியுங்கள், ஈரத்தில் பாதியைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு சின்ன அறையில், ஜன்னலைச் சாத்தி, டேபிள் ஃபேனை பையின் வாய்க்கு நேராக வையுங்கள். மூடுபனி நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். ஹேர் டிரையர் என்றால் குளிர்காற்று மட்டும். அடுப்பங்கரைப் புகைக்கு மேலே தொங்கவிடாதீர்கள், புகை வாடை ஃபோமில் ஏறினால் அதை எடுப்பது இன்னொரு வேலை. உண்மையைச் சொன்னால், மழைக்காலத்தில் பையை ஈரத்துணியால் துடைத்து மட்டும் வைத்துக்கொண்டு, முழுத் துவைப்பை இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பூசணம் பிடித்திருந்தால்

முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து, காய்ந்த நிலையில் பிரஷ் செய்யுங்கள். வீசிங் உள்ளவர்கள் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. பிறகு வினிகரைத் தண்ணீர் கலக்காமல் புள்ளிகள்மேல் தெளித்து ஒரு மணி நேரம் விட்டு, மேலே சொன்னபடி துவையுங்கள். பூசணத்துக்கு மட்டும் இரண்டு மூன்று மணி நேர நேரடி வெயில் அனுமதி. கருப்புப் புள்ளி முழுதாகப் போகாமல் இருக்கலாம். வாடை போய்விட்டதென்றால் அது வெறும் கறைதான், பயப்பட வேண்டாம்.

புள்ளியைப் போக்க பிளீச்சிங் பவுடரைத் தேடாதீர்கள். நைலானை மஞ்சளாக்கி வலுவிழக்கச் செய்யும். அதைவிட முக்கியம்: பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பாத்ரூம் ஆசிட்டோடு சேர்ந்தாலும் அதேதான். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

ஜெர்சி, காலுறை

உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டுங்கள், அழுக்கு அங்கேதான். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு வானிஷ் போன்ற ஆக்சிஜன் கறைநீக்கித் தூள் 1 டேபிள்ஸ்பூன், 45 நிமிடம். பச்சைத் தண்ணீரில் இந்தத் தூள் சோம்பேறி, வேலை செய்யாது. சலவைச் சோடா பருத்திக் காலுறைக்கு மட்டும், பக்கெட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். பையிலும் ஷூவிலும் அது படக் கூடாது, காரம் அதிகம்.

ஷூ

லேஸையும் உள்ளட்டையையும் கழற்றுங்கள். உள்ளட்டையைத் தனியாகச் சமையல் சோடாத் தண்ணீரில் துவைக்கலாம். மூன்று துவைப்புக்குப் பிறகும் நாறினால் அட்டையை மட்டும் மாற்றுங்கள், ஷூவை அல்ல. ஷூவின் உள்ளே 2 டேபிள்ஸ்பூன் சமையல் சோடா தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் கொட்டி ஈரத்துணியால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பச்சைத் தண்ணீர், பத்து நிமிடத்துக்கு மேல் ஊறக் கூடாது. செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரத் தாளை உள்ளேயே விட்டால் அதுவே நாறும். உச்சி வெயிலில் கான்கிரீட் தரையில் வைத்தால் சோல் பசை இளகி வாய் பிளக்கும்.

வெள்ளைக் கேன்வாஸ் ஷூ துவைத்தபின் மஞ்சளாவதற்கும் உப்புத் தண்ணீர்க் கதைதான்: மிச்சமிருக்கும் சோப்பின் காரம் வெயிலில் மஞ்சளாகிறது. வினிகர் அலசலும், காயும்போது மேலே சுற்றிய டிஷ்யூ பேப்பரும் இதைத் தடுக்கும்.

ஸ்பைக்ஸ் ஷூவில் ஆணிகளைக் கழற்றித் துடைத்து, மரையில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சீசனில் துருவோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

கிரிக்கெட் கிட்

வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் சின்னப்பம்பட்டி தொடங்கி வாழப்பாடி மைதானம்வரை மாவட்டம் முழுக்கக் கிட் பேக் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பைக்குள் மோசமான சாமான் எது என்று கேட்டால் பேட்டிங் கிளவுஸ். உள்ளங்கை தோல். ஊறவைத்தால் தோலின் எண்ணெய் வெளியேறி, காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து வெடிக்கும். ஆகவே துவைக்கக் கூடாது. ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து துணியில் நனைத்துப் பிழிந்து, விரல் விரலாக உள்ளே துடைத்து, ஃபேன் முன்னால் விரல் மேல்நோக்க நிறுத்திவையுங்கள். இன்னர் கிளவுஸ் போட்டால் இந்த வேலையே குறையும். அதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துவைத்துவிடலாம். கீப்பிங் கிளவுஸுக்கும் இதே முறை.

ஹெல்மெட்டின் உள் பட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் துவையுங்கள். ஹெல்மெட்டின் வெளி ஓட்டை டிடர்ஜென்ட் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் தொடக் கூடாது. பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால் பந்து படும்போதுதான் தெரியும். காலில் கட்டும் பேட், தொடையில் கட்டும் தை கார்டு இவற்றின் முன்பக்கத்தைத் துடைத்து, பின்பக்கத் துணியைப் பிரஷ் செய்து சாய்த்துவைத்தால் போதும்.

கபடிக்காரர்களின் முழங்கால் உறையைப் பச்சைத் தண்ணீரில் கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் ரப்பர் வெடிக்கும். கால்பந்து கோல்கீப்பர் கிளவுஸின் லேடெக்ஸுக்கும் அதே எச்சரிக்கை. ஷட்டில் ராக்கெட்டின் கிரிப்பைத் துவைத்துக்கொண்டிருக்க வேண்டாம், புதிது சுற்றுங்கள்.

தண்ணீர்ப் பையும் குழாயும்

மலையேற்றக்காரர்கள் முதுகில் வைத்து உறிஞ்சிக் குடிக்கும் பை இது. குளுக்கோஸ், எலுமிச்சைச் சாறு ஊற்றினால் மறுநாளே வழவழப்பு வரும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் சமையல் சோடா, அரை மணி நேரம், குழாய்க்குள்ளும் நிற்கும்படி. குழாயைச் சுத்தம் செய்ய நைலான் கயிற்றில் சின்னத் துணி முடிச்சுப் போட்டு உள்ளே இழுக்கலாம். வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அடுத்த முறை சோடாவுக்குப் பதில் ஒரு பங்கு வினிகர், நான்கு பங்கு தண்ணீர். குழாய்க்குள் கருப்புப் புள்ளி வந்துவிட்டால் குழாயை மாற்றிவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும்

நனைந்த ஜெர்சியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பைக்குள் போடுவதுதான் எல்லா நாற்றத்துக்கும் தொடக்கம். அதற்குப் பதில் வீட்டில் குவிந்து கிடக்கும் மஞ்சப்பையில் ஒன்று. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், காற்றும் போகும், பையையே ஜெர்சியோடு துவைத்துவிடலாம். வீடு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பையின் ஜிப்பைத் திறந்து தொங்கவிடுங்கள்.

ஏற்காட்டில் பையைச் சுவரை ஒட்டி மாட்டக் கூடாது. இரண்டு அங்குல இடைவெளி விட்டால் பின்பக்கம் வேர்க்காது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஐந்தாறு உள்ளே போடலாம். அடுப்புக்கரித் துண்டுகளைத் துணியில் கட்டிப் போடுவதும் கொஞ்சம் உதவும். காபிப் பொடி வாடையை மறைக்கும், போக்காது. எஸ்டேட் ஊரில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஃப்ரீசரில் வைத்தால் பாக்டீரியா செத்துவிடும் என்பதும் சரியல்ல, பெரும்பாலானவை தூங்கும், சூடு வந்ததும் எழுந்துகொள்ளும்.

முழுத் துவைப்பு மலையேற்றப் பைக்கு வருடத்துக்கு இரண்டு முறை, பள்ளிப் பைக்குப் பருவத்துக்கு ஒரு முறை. அதற்குமேல் துவைத்தால் உள்பூச்சுதான் தேயும்.

பூச்சு உரியும் பை

பிசுபிசுக்கும் பையைக் காப்பாற்ற ஒரே வழி, கெட்ட பூச்சை முழுக்கச் சுரண்டி எடுப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் டிடர்ஜென்ட்டோடு அரை மணி நேரம் ஊறவைத்து, உள்பக்கத்தைப் புரட்டி, கெட்டியான நைலான் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேயுங்கள். தோல் உரிவதுபோல வரும். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை ஆகும். செதில்கள் சாக்கடையை அடைக்கும், எனவே தண்ணீரைப் பழைய துணியில் வடிகட்டிக் கொட்டுங்கள். அதன்பின் வாடை போகும், ஆனால் மழை உள்ளே இறங்கும். மழை உறை போட்டுக்கொண்டோ, உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்துக்கொண்டோ அந்தப் பையை இன்னும் சில வருடம் ஓட்டலாம். தோள்பட்டைத் தையலும் விட்டிருந்தால் மட்டும் பிரஷ்ஷை எடுக்காதீர்கள், பக்கிள்களைக் கழற்றி வைத்துக்கொண்டு பையை விட்டுவிடுங்கள்.